புத்தளக் கரையும் திறந்து மூடும் கூரையும்

பத்துப்பாட்டில் ஒன்றாகிய நெடுநல்வாடையில் நக்கீரர் ஓர் அரண்மனையின் அமைப்பினைக் கூறுமிடத்து, அதனை வகுத்த கட்டட நூல் வல்லார் முதன்முதற் செய்த செயலொன்றைக் குறித்துள்ளார். ஞாயிறு உச்சியில் நிற்கும் நண்பகலில் இரண்டு கோல்களை நட்டு, அவற்றின் நிழல் கொண்டு திசையை நிச்சயித்து, அதன் பின்னரே அவர்கள் கயிறு பிடித்து நிலத்தை அளந்தனர். அதே பாட்டில் வேறோரிடத்தில், வேனிற் காலத்திற் தென்றலைத் தரும் பலகணி வாடைக் காலத்திற் திறக்கப்படாது தாழிடப்பட்டிருந்தமை கூறப்படுகின்றது. மனையொன்றை அமைப்போர் அறியவேண்டிய இரண்டு உண்மைகள் இவற்றுள் அடங்கியுள்ளன. ஞாயிற்றின் நிலையை அறிந்த பின்னரே கட்டவேண்டும் என்பது ஒன்று. காற்றின் பருவத்திற்கேற்பத் திறக்கவும் மூடவும் இயலும்படி கட்டவேண்டும் என்பது மற்றொன்று.

இவ்விரண்டு உண்மைகளையும் இக்காலத்துப் பொருளொன்றின்மீது வைத்து நோக்கவேண்டிய தேவை இன்று புத்தள மாவட்டக் கரையோரத்தில் எழுந்துள்ளது. வீட்டின் முன்றிலிலோ பின்புறத்திலோ, காற்றாட இருந்து உரையாடவும் உண்ணவும் விருந்தினரை வரவேற்கவும் உதவும் வெளியிடத்திற்கு, அலுமினியத் தகடுகளாலான திறந்து மூடும் கூரையை அமைக்கும் வழக்கம் விடுதிகளிலிருந்து வீடுகளுக்கும் பரவி வருகின்றது. வணிகர் இதனை லூவர் கூரை என்பர். சாளரங்களிற் பயன்படும் லூவர் கண்ணாடிகளைப் போலவே, நீண்ட தகடுகள் வரிசையாக நின்று தத்தம் அச்சிற் திரும்பும். படுத்த நிலையில் அவை ஒன்றையொன்று கவ்வி மழையைத் தடுக்கும். நிமிர்ந்த நிலையில் ஒளியையும் காற்றையும் உள்ளே விடும். கையாற் சுழற்றித் திருப்புவனவும் மின்னாற் திரும்புவனவும் என இவை இருவகைப்படும்.

இக்கூரை புதியதாயினும் இதன் கருத்து இக்கரைக்குப் புதியதன்று. சிலாபந்தொட்டு உடப்பு, முந்தல், புத்தளம், கற்பிட்டி வரையுள்ள ஊர்களில் வாழ்ந்தோர், கூரை என்பதை என்றும் அசையாத பொருளாகக் கருதியவரல்லர். மீனவரின் வாடிகள் பருவத்திற்குக் கட்டப்பட்டு, பருவம் முடியப் பிரிக்கப்படும். மேலைக்கடல் கொந்தளிக்கும் மாதங்களில் தொழிலாளர் கிழக்குக் கரைக்குப் பெயர்வதும், கடல் அடங்கியபின் மீள்வதும் நெடுங்கால வழக்கம். உடப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் ஆடித் திங்களில் நிகழும் தீமிதிப்பு விழாவிற்கும், முன்னேசுவரத்து ஆவணித் திருவிழாவிற்கும் பந்தல்கள் எழும்; விழா முடிய மறையும். கடைகளின் முன்னே கோலூன்றி உயர்த்திய கிடுகுத் தட்டி, காலையில் ஓரளவும் மாலையில் வேறோரளவும் தாழ்த்தப்படும். ஆதலின் திருப்பக்கூடிய கூரை என்பது தட்டியும் பந்தலும் செய்துவந்த தொழிலை உலோகத்தாற் செய்யும் முயற்சியேயாம்.

ஆயினும் தட்டிக்கும் இதற்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. தட்டி பழுதாயின் மறுநாளே வேறு தட்டி கட்டலாம், இழப்பு சிறிது. உலோகக் கூரையோ, பல குடும்பங்களைப் பொறுத்தவரையிற் சில ஆண்டுச் சேமிப்பு. பெரும்பாலும் வெளிநாட்டில் உழைத்தனுப்பிய பொருள். அது மூன்று நான்கு ஆண்டுகளில் இறுகி அசையாது நின்றுவிட்டால் வீட்டார் செய்வது யாது? அவ்வெளியிடத்தைச் சுவரெழுப்பி மூடி, குளிரூட்டியொன்றைப் பொருத்துவதே பெரும்பாலும் நிகழ்கின்றது. அப்பொழுது இழக்கப்படுவது பணம் மட்டுமன்று. காற்றோடும் அயலாரோடும் கூடி வாழ்ந்த முற்றமும் அதனோடு போய்விடுகின்றது. எனவே இதனைத் தெரிந்தெடுக்கும் முறை ஆராயத்தக்கதாகின்றது.

இங்கு முதற்கண் வற்புறுத்தற்குரியது ஒன்றுண்டு. இக்கூரையை மக்கள் வாங்குவது வெயிலின் பொருட்டு. ஆனால் இக்கரையில் அதனை அழிப்பன உப்பும் காற்றும். விற்போர் காட்டும் படங்கள் வெயிலையும் நிழலையும் பற்றியன. உப்பையும் காற்றையும் பற்றிய வினாக்களை வாங்குவோரே எழுப்பவேண்டும். எனினும் வெயிலைப் பற்றிய அறிவும் இன்றியமையாதது. ஏனெனில் தகடுகள் எத்திசையில் நீளவேண்டும் என்பதை அதுவே நிர்ணயிக்கும். ஆதலின் அதனை முதலில் நோக்குவது முறையாகும்.

புத்தளம் வட அகலக்கோடு ஏறத்தாழ 8 பாகையில் அமைந்துள்ளது. ஞாயிறு ஆண்டுதோறும் வடக்கே 23½ பாகை வரையும் தெற்கே 23½ பாகை வரையும் செல்கின்றது. ஆகவே ஏப்பிரல் இரண்டாம் வாரமளவிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் அது புத்தளத்தின் நேர் உச்சியைக் கடக்கும். அந்நாட்களில் நண்பகலில் நட்ட கோலுக்கு நிழல் இராது. இவ்விரு நாட்களுக்கும் இடைப்பட்ட ஏறக்குறைய 5 மாதங்களில் நண்பகல் ஞாயிறு உச்சிக்கு வடக்கே நிற்கும். யூன் 21 அளவில் அச்சாய்வு ஏறத்தாழ 15 பாகை. எஞ்சிய 7 மாதங்களில் அது தெற்கே நிற்கும். டிசெம்பர் 21 அளவிற் சாய்வு ஏறத்தாழ 31 பாகையாகும்.

இதன் முக்கியத்துவம் பிற நாடுகளோடு ஒப்பிடும்போது விளங்கும். பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் லெ கொபூசியே 1950 ஆம் ஆண்டுகளில் இந்தியாவின் சண்டிகார் நகரில் எழுப்பிய அரசாங்கக் கட்டடங்களில், வெயிலைத் தடுக்கும் அசையாத கொங்கிறீற்றுத் தடுப்புகளை அமைத்தார். அந்நகரம் ஏறத்தாழ 31 பாகை வடக்கே உள்ளது. அங்கு நண்பகல் ஞாயிறு ஆண்டு முழுவதும் தெற்கிலேயே நிற்கும். ஒரு திசைக்கென அமைத்த தடுப்பு அங்கு என்றும் பயன்படும். பெல்சியத்தின் பிரசல்சு நகரில் ஞாயிறு மிக உயர்ந்து நிற்கும் யூன் நண்பகலிலும் அது உச்சியிலிருந்து 27 பாகை தெற்கே சாய்ந்தே இருக்கும். புத்தளத்திலோ ஞாயிறு இருபுறமும் மாறி நிற்கும். ஒருபுறமாகச் சாய்த்து நிறுத்திய அசையாத தகடு ஆண்டில் ஒரு பகுதியில் நிழல் தந்து, மறுபகுதியில் வெயிலை உள்ளே விடும். எனவே திருப்பக்கூடிய தகடு இங்கு வெறும் அலங்காரமன்று என்பதும், குளிர்நாட்டாருக்கென எழுதப்பட்ட விளக்கச் சிற்றேடுகள் இங்கு அப்படியே பொருந்தா என்பதும் பெறப்படும்.

தகட்டை எவ்வளவு திறக்கலாம் என்பதற்கு எளிய கணித விதியொன்று உண்டு. தகட்டின் அகலமும் தகடுகளின் இடைத்தூரமும் ஏறத்தாழ ஒத்திருப்பதே வழக்கம். அவ்வாறிருக்கையில், தகட்டின் முகம் ஞாயிற்றை நோக்கித் திருப்பப்பட்டிருப்பின், ஞாயிறு உச்சியிலிருந்து எத்தனை பாகை சாய்ந்துள்ளதோ அதன் இருமடங்கு வரை தகட்டைத் திறந்தாலும் நேர் வெயில் உள்ளே விழாது. சாய்வு 15 பாகையாயின் 30 பாகை வரையும், 31 பாகையாயின் 62 பாகை வரையும் திறக்கலாம். ஞாயிறு நேர் உச்சியில் நிற்பின் சிறிது திறந்தாலும் வெயில் விழும். தகடுகள் கிழக்கு மேற்காக நீண்டிருந்தால் ஞாயிற்றின் தெற்கு வடக்குச் சாய்வும், தெற்கு வடக்காக நீண்டிருந்தால் அதன் கிழக்கு மேற்குச் சாய்வுமே இவ்விதியிற் கணக்கிற்கு வரும்.

இவ்விதியினின்றும் இரண்டு வழிகள் தோன்றுகின்றன. தகடுகள் கிழக்கு மேற்காக நீண்டிருப்பின், டிசெம்பரை அடுத்த மாதங்களில் அவற்றை ஏறத்தாழ 60 பாகைக்குத் திறந்து நாள் முழுவதும் தொடாது விட்டுவிடலாம். வட வானத்தின் தண்ணொளி உள்ளே வரும். யூனை அடுத்த மாதங்களில் மறுபுறமாகத் திருப்பி 30 பாகைக்குத் திறக்கலாம். ஞாயிறு உச்சியை அண்மி நிற்கும் மார்ச்சு, ஏப்பிரல் மாதங்களிலும் ஓகஸ்ட் இறுதியிலும் செப்டெம்பரிலும் மூடியே வைக்கவேண்டும். தகடுகள் தெற்கு வடக்காக நீண்டிருப்பின், மாதந்தோறும் மாற்றவேண்டியதில்லை. ஆனால் ஒரே நாளிற் பலமுறை மாற்றவேண்டும். ஞாயிற்று நேரப்படி காலை 9 மணிக்கு ஞாயிறு கிழக்கே 45 பாகை சாய்ந்திருக்கும். அப்பொழுது தகடுகள் முற்றாக நிமிர்ந்து நிற்கலாம். 10½ மணிக்கு 45 பாகைக்குக் குறைக்கவேண்டும். நண்பகலில் மூடவேண்டும். பிற்பகலில் எதிர்ப்புறமாகத் திறக்கவேண்டும். எனவே கையாற் சுழற்றும் கூரையை வாங்குவோர் கிழக்கு மேற்காகத் தகடுகளை நீட்டுவதும், மின்னால் இயங்குவதை வாங்குவோர் தெற்கு வடக்காக நீட்டுவதும் பொருத்தமாகும். இரண்டாவது வகையில் தகடு 90 பாகையைக் கடந்து மறுபுறமும் திரும்பக்கூடியதா என்பதைக் கேட்டறிதல் வேண்டும். ஒருபுறம் மாத்திரம் திரும்புவது அரைநாளைக்கே உதவும்.

கூரையால் ஆகாத காரியம் ஒன்றும் உண்டு. மேலைக் கரையில் மக்களை வருத்துவது நண்பகல் வெயிலினும் கடலின்மீதிருந்து சாய்ந்துவரும் பிற்பகல் வெயிலேயாகும். மார்ச்சு அல்லது செப்டெம்பர் மாதத்தில் மாலை 4 மணியளவில் ஞாயிறு அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 30 பாகை உயரத்திலேயே நிற்கும். தரையிலிருந்து 2.7 மீற்றர் உயரத்திலுள்ள கூரையின் நிழல் அப்பொழுது ஏறத்தாழ 4.7 மீற்றர் கிழக்கே விலகி விழும். கூரையின் கிழக்கு மேற்கு அகலம் 4 மீற்றராயின், நிழல் முழுவதும் கூரைக்கு அப்பாலே சென்றுவிடும். கீழே இருப்போர்மீது ஒரு சிறிதும் விழாது. எத்தகைய விலையுயர்ந்த கூரையும் இதனை மாற்றாது. மேற்குப்புறம் திறந்திருப்பின் அங்கு செங்குத்தான மறைப்பொன்று வேண்டும். அதற்குக் கிடுகுத் தட்டியினும் ஏற்றதும் மலிவானதும் அரிது. கற்பிட்டியில் ஒல்லாந்தர் 1667 முதல் 1676 வரை கட்டிய கோட்டையில் தடித்த சுவர்கள் செய்த வேலையை, வீட்டுமுற்றத்தில் ஒரு மரவரிசையோ தட்டியோ செய்துவிடும்.

வெயிலைப் பற்றி இறுதியாகக் கூறவேண்டியது நிறம். இக்காலத்துப் பகட்டு கருஞ்சாம்பல் நிறத்தை விரும்புகின்றது. கருமையான மேற்பரப்பு தன்மீது விழும் வெப்பத்தின் பெரும்பகுதியை உறிஞ்சி, கீழே இருப்போர் தலைமீது மீண்டும் வீசும். வெண்மையோ அதனை அண்டிய நிறமோ பெரும்பகுதியை வானத்திற்கே திருப்பிவிடும். தகரக் கூரையின்கீழ் நண்பகலில் இருந்தோர் இவ்வேற்றுமையை விளக்கமின்றியே உணர்வர்.

இனி, காற்று. இக்கரையில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து சோழகமும், டிசெம்பரை அடுத்த மாதங்களில் வடகிழக்கிலிருந்து வாடையும் வீசுகின்றன. கற்பிட்டிக் குடாநாட்டில் மாம்புரி முதலிய இடங்களில் 2010 ஆம் ஆண்டு முதல் காற்றாலைகள் மின்னுற்பத்தி செய்து வருவதும், பட்டமிழுக்கக் கடலிற் சறுக்கும் விளையாட்டுக்கென வெளிநாட்டார் கற்பிட்டிக்கு வருவதும் இக்காற்றின் உறுதிக்குச் சான்றாவன. காற்றாலைக்கு உவந்த காற்று மெல்லிய கூரைக்கு உவந்ததாகாது.

காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்பப் பெருகும். நொடிக்கு 20 மீற்றர் வேகத்தில் ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 245 நியூற்றன் விசை. வேகம் இருமடங்காகி 40 மீற்றராயின், அதாவது மணிக்கு 144 கிலோமீற்றராயின், விசை நான்கு மடங்காகி ஏறத்தாழ 980 நியூற்றனாகும். 5 மீற்றர் நீளமும் 4 மீற்றர் அகலமும் கொண்ட மூடிய கூரையை அத்தகைய காற்று அடியிலிருந்து முழுமையாகத் தூக்குமெனக் கொண்டால், அவ்விசை ஏறத்தாழ 2 தொன் நிறைக்குச் சமமாகும். அலுமினியக் கூரையின் நிறை சில நூறு கிலோகிராமே. எனவே கூரையை நிலத்தில் நிறுத்தி வைப்பது அதன் நிறையன்று; அடித்தளமேயாம். நான்கு தூண்களாயின் ஒவ்வொன்றிற்கும் அரைத் தொன் பங்கு. ஒவ்வொரு பக்கமும் 60 சென்ரிமீற்றர் கொண்ட கொங்கிறீற்றுக் கட்டியொன்றின் நிறை ஏறத்தாழ 520 கிலோகிராம். இளகிய மணலில் நாட்டும் ஒவ்வொரு தூணின் அடியிலும் இத்தகைய கட்டியொன்று இருத்தல் வேண்டும் என்பது இதனால் விளங்கும். இது மாணவரும் செய்துபார்க்கக்கூடிய பருமட்டான கணக்கு. கட்டும்பொழுது தகுதிபெற்ற பொறியியலாளரின் கணக்கே முடிபாகும். விறாந்தைத் தரையின் மெல்லிய சீமெந்துப் பூச்சின்மீது நான்கு ஆணிகளால் தூண்களைப் பொருத்திவிட்டுச் செல்லும் வழக்கம் இக்கரைக்கு ஆபத்தானது.

மணிக்கு 144 கிலோமீற்றர் காற்று இங்கு நாளும் வீசுவதன்று; ஆயினும் அயலில் அது வீசாததன்று. 1964 டிசெம்பரில் மன்னார்க் கடற்பகுதியைக் கடந்து தனுஷ்கோடியை அழித்த சூறாவளியும், 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியும் முதியோர் நினைவில் உள்ளன. கூரை திறந்த நிலையில் எவ்வளவு காற்றைத் தாங்கும், மூடிய நிலையில் எவ்வளவு தாங்கும், புயல் எச்சரிக்கை வரும்போது எந்நிலையில் நிறுத்தவேண்டும் என்ற மூன்றினையும் விற்போரிடம் எழுத்திற் பெறுதல் வேண்டும். இவற்றிற்கு எண்ணாற் பதில் கூறாது சொல்லாற் பதில் கூறுவோரிடம் வாங்காதிருத்தல் நலம்.

மூன்றாவதும் கொடியதும் உப்பு. புத்தளமும் பாலாவியும் உப்பளங்களுக்குப் பேர்போனவை. உவர்நீரை விரைவில் வற்றச்செய்யும் வெயிலும் காற்றும் நீண்ட மழையற்ற காலமுமே உப்பு விளைவிற்குக் காரணம். அக்காரணங்களே உலோகத்தின் அழிவிற்கும் காரணமாகின்றன. சோழகம் அலைநுரையிலிருந்து உப்புத் துகள்களை வாரிக்கொண்டு வரும். தென்னிலங்கையில் அக்காற்றோடு மழையும் வந்து படிந்த உப்பைக் கழுவிவிடும். புத்தளக் கரையிலோ யூன் முதல் ஓகஸ்ட் வரை மழை மிகக் குறைவு. உப்பு நாளுக்கு நாள் படிந்துகொண்டே இருக்கும். இரவின் ஈரத்தில் அது நனைந்து உலோகத்தை அரிக்கும். மழைபடும் மேற்புறத்தினும், மழை என்றும் படாத அடிப்புறமும் அச்சுகளும் திருகாணிகளுமே முதலிற் பழுதாவதன் காரணம் இதுவேயாம்.

அலுமினியம் இரும்பைப்போற் துருப்பிடிப்பதில்லை என்பது உண்மை. காற்றுப் பட்டவுடன் அதன்மீது படியும் மெல்லிய ஒட்சைட்டுப் படலம் அதனைக் காக்கின்றது. ஆயின் உப்பிலுள்ள குளோரைட்டு அப்படலத்தைத் துளைத்து ஊசிமுனைக் குழிகளை உண்டாக்கும். ஆதலாற் பூச்சு இன்றியமையாதது. சூட்டில் உருக்கிப் படியவைக்கும் தூட்பூச்சாயின் அதன் தடிப்பு 60 முதல் 80 மைக்கிரோன் வரை இருத்தலும், கடற்கரைக்கெனத் தனியே முன்பதஞ்செய்யப்பட்டிருத்தலும் வேண்டும். மின்பகுப்பால் ஒட்சைட்டுப் படலத்தைத் தடிப்பாக்கியதாயின் அத்தடிப்பு 25 மைக்கிரோன் அளவினதாதல் நன்று. துளையிட்டபோதும் வெட்டியபோதும் பூச்சு நீங்கிய விளிம்புகள் மீண்டும் பூசப்பட்டனவா என்பதைப் பொருத்தும் நாளிலேயே பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

இதனினும் நுட்பமானது, வேறுபட்ட இரு உலோகங்கள் தொட்டு நிற்கும் இடத்தில் நிகழும் அரிப்பு. அலுமினியமும் உருக்கும் தொட்டிருக்க, இடையில் உப்புநீரின் ஈரம் இருப்பின், அவை சிறியதொரு மின்கலமாகிவிடும். அதில் அலுமினியம் கரையும். சாதாரண இரும்புத் திருகாணிகளும் நாகம் பூசியனவும் கடற்கரையில் நீடிக்கா. துருவேறா உருக்கிலும் 304 என்ற வகையினும், 2 முதல் 3 வீதம் மொலித்தினம் கலந்த 316 என்ற வகையே உப்பைத் தாங்கும். அதனையும் அலுமினியத்தின்மீது நேரே பொருத்தாது நைலோன் வளையமிட்டுப் பொருத்தல் வேண்டும். திருகாணியின் விலை கூரையின் விலையில் மிகச் சிறு பங்கு. ஆயினும் கூரையின் ஆயுள் பெரும்பாலும் அதன்மீதே தங்கியுள்ளது.

தகடுகளின் முனைகளில் இடைவெளி உள்ளதா என்பதும் கவனிக்கத்தக்கது. 4 மீற்றர் நீளமுள்ள அலுமினியத் தகடு 30 பாகை செல்சியசு வெப்பம் ஏறினால் ஏறத்தாழ 2.8 மில்லிமீற்றர் நீளும். இடைவெளியின்றி இறுகப் பொருத்திய தகடு நண்பகலில் வளையும். வளைந்தது சரிவரத் திரும்பாது. திரும்பாததை வலிந்து திருப்புகையில் இயக்கும் பொறி பழுதாகும்.

மழையைப் பொறுத்தவரை, ஒரு சதுர மீற்றரில் பெய்யும் 1 மில்லிமீற்றர் மழை 1 லீற்றர் நீராகும் என்பதை நினைவிற் கொள்ளல் போதும். மேற்கூறிய 20 சதுர மீற்றர்க் கூரையில் மணிக்கு 60 மில்லிமீற்றர் வீதம் பெய்யும் மழை நிமிடத்திற்கு 20 லீற்றர் நீரைத் தரும். தகடுகளின் ஓரப் பள்ளங்களினூடே அந்நீர் சுற்றுச் சட்டத்திலுள்ள பீலியை அடைந்து தூண்களின் உள்ளே இறங்கும். பீலி சிறிதாயினும், இலைசருகால் அடைபட்டாலும் நீர் உள்ளே வழியும். தூணைப் பிரிக்காமலே பீலியையும் குழாயையும் துப்புரவு செய்ய வழி உண்டா என்று கேட்டல் வேண்டும். ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை காற்றோடு சாய்ந்து பெய்யும் மழைக்கு இக்கூரை ஓட்டுக் கூரைபோன்ற முழுக் காப்பன்று என்பதையும் முன்னரே அறிந்திருத்தல் நன்று.

அந்நீரை வீணே மணலில் விடாதிருப்பது மற்றொரு நன்மை. கற்பிட்டிக் குடாநாட்டில் நன்னீர், மணலினுள்ளே உவர்நீரின்மீது மிதக்கும் மெல்லிய படையாகவே உள்ளது. மிகுதியாக இறைத்தால் கிணறு உவர்க்கும். ஆண்டு மழையை 1,000 மில்லிமீற்றர் எனக் குறைத்துக் கணித்தாலும், மழைக்காலத்தில் மூடிவைக்கும் 20 சதுர மீற்றர்க் கூரை ஏறத்தாழ 20,000 லீற்றர் மழைநீரைத் தரவல்லது. மழையற்ற மாதங்களில் தகடுகளையும் அச்சுகளையும் மாதம் ஒருமுறையேனும் நன்னீராற் கழுவுதல் இன்றியமையாதது. உவர்க்கிணற்று நீராற் கழுவுதல் உப்பை உப்பால் நீக்க முயல்வதாகும். சேமித்த மழைநீர் இத்தேவைக்கு ஏற்றது.

மின்னால் இயங்கும் கூரையைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். மழைத்துளி பட்டவுடன் தானே மூடுவதும், காற்று மிக்கவிடத்துத் தானே குறித்த நிலையை அடைவதும் அதன் சிறப்புகள். ஆயின் 2022 மார்ச்சு மாத இறுதியில் இலங்கை முழுவதும் நாளொன்றிற்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்டதை எவரும் மறந்திலர். மின்சாரம் இல்லாதபோது கையாற் திருப்பும் வழி இல்லாத கூரையை இங்கு வாங்குதல் தகாது. இயக்கும் பொறி தூசியும் நீரும் புகாத கூட்டினுள் அமைந்திருத்தலும், பழுதாயின் மாற்றுப்பொறி நாட்டினுள்ளேயே கிடைத்தலும் வேண்டும்.

இத்தனையும் நோக்கியபின், இக்கூரை எவர்க்கு ஏற்றது என்ற வினா எஞ்சுகின்றது. ஆண்டில் சில நாட்களே கூட்டம் கூடும் கோயில் முன்றிலுக்கும் பாடசாலை வெளிக்கும் மணவீட்டிற்கும் பந்தலே தக்கது. தென்னை முக்கோணத்தின் வடமேற்கு மூலையில் அமைந்து, லுணுவிலையில் 1929 ஆம் ஆண்டு தொடங்கிய தெங்கு ஆராய்ச்சி நிலையத்தையும் தன்னகத்தே கொண்ட இம்மாவட்டத்தில் கிடுகிற்குக் குறைவில்லை. களப்பு நீரில் ஊறவைத்துப் பின்னிய கிடுகு வெப்பத்தை நன்கு தடுக்கும். ஒன்றிரண்டு ஆண்டுகளில் மாற்றவேண்டுவதும், தீக்கு அஞ்சவேண்டுவதும் அதன் குறைகள். கடலலையிலிருந்து சில நூறு மீற்றருக்குள் அமைந்த வீட்டில், கழுவிப் பேண ஆளில்லாது ஆண்டின் பெரும்பகுதியும் பூட்டிக்கிடப்பதாயின் உலோகக் கூரை வேண்டாததாம். நாள்தோறும் குடும்பத்தார் கூடியிருக்கும் இடமாகி, பேணுதற்குரிய கையும் மனமும் உள்ள வீட்டிற்கே அது பொருந்தும்.

அத்தகையோரும் வாங்குமுன் ஓராண்டு பொறுத்து, முற்றத்திற் கோலொன்றை நட்டு, மாதந்தோறும் காலையும் நண்பகலும் மாலையும் அதன் நிழல் விழும் இடத்தைக் குறித்துவருவாராயின் பெரும்பயன் அடைவர். காற்று எப்புறமிருந்து எம்மாதத்தில் வீசுகின்றது, சாளரக் கம்பிகளில் எப்புறத்தில் முதலில் துரு ஏறுகின்றது என்பனவும் அப்பொழுது தெரியவரும். நக்கீரர் காலத்துக் கட்டட நூலார் இரண்டு கோல்களோடு தொடங்கிய வேலையை இன்றும் ஒரு கோலோடு தொடங்கலாம். அதற்குச் செலவில்லை, சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரையுள்ள எப்பாடசாலை மாணவரும் தம் வீட்டாருக்காக அதனைச் செய்துகொடுக்க இயலும்.